பாத்ரூமுக்குள் வாஷிங் மெஷின், அதன் தலையில் டிரையர்... உங்கள் ஃபிளாட்டுக்குச் சரிப்படுமா?

உங்கள் வீட்டு வாஷிங் மெஷின் எங்கே நிற்கிறது?

ஆழ்வார்பேட்டைப் பக்கம் இந்தக் கேள்விக்கு விதவிதமாகப் பதில் வரும். கிரில் போட்ட பால்கனி, சமையலறை சிங்க் ஓரம், ஹாலில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கம், சில வீடுகளில் பூஜை அலமாரிக்கு நேர் எதிரே. டி.டி.கே. சாலை மௌப்ரேஸ் ரோடாக இருந்த காலத்துத் தோட்ட பங்களாக்கள் ஒவ்வொன்றாகப் போய் அந்த இடங்களில் ஃபிளாட்டுகள் எழுந்தபோது, பெரும்பாலான வரைபடங்களில் வாஷிங் மெஷினுக்கு என்று ஓர் இடம் இல்லை. துவைக்க ஒரு கல், காயவைக்க மொட்டை மாடி. அத்தோடு கணக்கு முடிந்தது.

அந்த மொட்டை மாடிதான் இப்போது பிரச்னை. பல பழைய கட்டடங்களில் லிஃப்ட் கடைசி மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு வரிசைப் படியை, ஈரத்துணி நிறைந்த பக்கெட்டோடு ஏற வேண்டும். முப்பது வயதில் அது உடற்பயிற்சி. எழுபது வயதில், மழை பெய்து பாசி பிடித்த தளத்தில், அது இடுப்பெலும்பு சமாசாரம். மாடிச் சாவி யாரிடம், கொடியில் யார் பங்கு எவ்வளவு, சோலார் பேனல் வந்த பிறகு மிச்சம் இருக்கும் இடம் எவ்வளவு என்பதெல்லாம் அசோசியேஷன் கூட்டங்களில் தீராத விவகாரம். போதாக்குறைக்கு, சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதமும் ஃபேனுக்குக் கீழே துணி, நாற்காலி முதுகில் துணி, ஜன்னல் கம்பியில் துணி. சீசன் கச்சேரிக்குக் கிளம்பும் நேரத்தில் பாதி காய்ந்த வேட்டி ஒரு வாசனை அடிக்கும்!

அதனால்தான் டிரையர் பேச்சு வருகிறது. மெஷினையும் டிரையரையும் ஒன்றன் மேல் ஒன்றாக பாத்ரூமில் அடுக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இணையத்தில் ஏகப்பட்ட வீடியோக்கள். முடியுமா என்றால், முடியும். ஆனால் முதலில் மெஷினை வாங்கிவிட்டு அப்புறம் பாத்ரூமைப் பார்ப்பவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

வீடியோவில் வருவது நம் பாத்ரூம் இல்லை

அந்த வீடியோக்களில் வரும் குளியலறைகளை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். குளியல் தொட்டி ஒரு பக்கம், கண்ணாடிக்குள் ஷவர் ஒரு பக்கம். மற்ற தரை முழுக்கக் காய்ந்து கிடக்கும், கால்மிதி கூடப் போட்டிருப்பார்கள். நாம் குளிப்பது பக்கெட், மக், ஷவர், கூடவே ஹெல்த் ஃபாசெட். குளித்து முடித்தால் தரையும் நாலு சுவரும் ஈரம். நம் பாத்ரூமில் 'காய்ந்த மூலை' என்று ஒன்றே கிடையாது.

சர்வதேச மின் பாதுகாப்பு விதிகள் குளியலறையை வட்டங்களாகப் பிரிக்கின்றன. தொட்டியோ தடுப்போ இல்லாத ஷவர் என்றால், ஷவர் வாயிலிருந்து 1.2 மீட்டர் தூரம் வரை அபாயப் பகுதி. அதற்குள் சாதாரண பிளக் பாயின்ட் வைக்கக் கூடாது. நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, கழிப்பறையோடு சேர்ந்த குளியலறைக்குக் குறைந்தபட்ச அளவு 2.8 சதுர மீட்டர், குறைந்தபட்ச அகலம் 1.2 மீட்டர். அதாவது சுமார் 4 அடிக்கு 7 முக்கால் அடி. அந்த அறையில் ஷவரிலிருந்து 1.2 மீட்டர் வட்டம் போட்டால் பாதி அறை அதற்குள் போய்விடும். மீதிப் பாதியில் கம்மோடும் வாஷ்பேசினும் இருக்கும்.

மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள்? பிரிட்டனில் குளியல் தொட்டிக்கு அருகே சாக்கெட் வைக்க விதி அனுமதிப்பதில்லை. அதனால்தான் லண்டனில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் வீட்டில் மெஷின் சமையலறை மேடைக்குக் கீழே நிற்கிறது. சிங்கப்பூரின் அரசுக் குடியிருப்புகளில் சமையலறையை ஒட்டி அதற்கென்றே ஒரு சிறு பகுதி உண்டு. ஜப்பானில் மெஷின் குளியலறைப் பக்கம்தான் இருக்கும், ஆனால் குளிக்கும் இடம் தனி அறை. உடை மாற்றும் காய்ந்த பகுதியில், நீர் கசிந்தால் பிடித்துக்கொள்ளும் தட்டின் மேல் மெஷின் நிற்கும்.

நமக்கு உதவக்கூடியது அந்த ஜப்பான் யோசனைதான். பாத்ரூம் 5 அடிக்கு 8 அடி இருந்தால், குளிக்கும் பக்கத்தைக் கண்ணாடித் தடுப்பாலோ முழு உயரச் சுவராலோ பிரித்து, கதவுப் பக்கம் மெஷினை வைக்கலாம். பிளாஸ்டிக் திரை போதாது. பிரிக்க முடியாத அளவு சின்ன பாத்ரூம் என்றால், என் கருத்தில் அங்கே மெஷின் வேண்டாம். பால்கனியே மேல்.

பிளக் பாயின்ட் வெளியே இருக்கட்டும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பாத்ரூமில் ஏற்கெனவே கீசருக்கு ஒரு 15 ஆம்ஸ் பாயின்ட் இருக்கும். 'அதிலேயே மெஷினைச் சொருகிக்கலாமே' என்பதுதான் முதலில் வரும் யோசனை. கீசர் 2,000 வாட்ஸ். சுடுதண்ணீர் வசதியுள்ள ஃப்ரண்ட் லோட் மெஷினின் ஹீட்டரும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் 17 ஆம்ஸைத் தாண்டும். மல்டி பிளக் போட்டு இரண்டையும் இழுத்தால் சாக்கெட் கருகும். டிரையரும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

மெஷினுக்கு ஒன்று, டிரையருக்கு ஒன்று எனத் தனி வயர், தனி எம்.சி.பி. வேண்டும். பாயின்ட்டை பாத்ரூம் சுவருக்கு மறுபக்கம், அதாவது படுக்கையறையிலோ வழியிலோ வைத்து, வயரை மட்டும் துளை வழியாக உள்ளே கொண்டுவருவது நல்லது. மெஷினோடு வரும் வயர் சுமார் ஒன்றரை மீட்டர்தான் இருக்கும், அதற்குத் தகுந்தபடி துளையின் இடத்தைத் தீர்மானியுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பாத்ரூமுக்குள் வரவே கூடாது.

எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. வெறும் காலோடு ஈரத்தரையில் நின்று மெஷினின் உலோக உடம்பைத் தொடுகிறீர்கள், உள்ளே எங்கோ மின்கசிவு இருக்கிறது என்று வையுங்கள். உடம்பு வழியாகப் போகும் அந்தச் சின்ன மின்னோட்டம் எம்.சி.பி-க்குத் தெரியவே தெரியாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதைக் கண்டுபிடித்து நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டப்பென்று விழ வேண்டும்.

எர்த் விஷயம் பழைய ஃபிளாட்டுகளில் பெரிய தலைவலி. மூன்று ஓட்டை உள்ள சாக்கெட் இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. அல்லது கீழே எர்த் குழி கார் பார்க்கிங் சிமென்ட்டுக்கு அடியில் புதைந்து, பல வருடங்களாகத் தண்ணீர் பார்க்காமல் கிடக்கும். எலெக்ட்ரீஷியனிடம் எர்த்தை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். 'எல்லாம் சரியா இருக்கு' என்ற வாய் வார்த்தை போதாது. இந்தச் செலவு மெஷின் விலையில் சிறு பங்குதான், ஆனால் எல்லோரும் பேரம் பேசுவது இதில்தான்.

மெஷின் லேபிளில் ஐ.பி.எக்ஸ்.4 என்று இருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று பொருள். பாத்ரூம் கழுவும்போது ஹெல்த் ஃபாசெட்டை அதன் மேல் பீய்ச்சலாம் என்று பொருள் இல்லை.

டேப்பை எடுங்கள்

ஃப்ரண்ட் லோட் மெஷின் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலம், 85 சென்டிமீட்டர் உயரம். ஆழம் 45-லிருந்து 65 வரை மாடலைப் பொறுத்து மாறும். பின்னால் குழாய்க்கு இன்னும் 10 சென்டிமீட்டர் விடுங்கள். முன்னால் கதவு முழுதாகத் திறக்கவும், நீங்கள் குனிந்து துணி எடுக்கவும் இடம் வேண்டும். பாத்ரூம் கதவு இரண்டரை அடி என்றாலும் உள்ளே நுழையும் இடைவெளியைத்தான் அளக்க வேண்டும். பழைய கட்டடங்களில் இரண்டேகால் அடிக் கதவும் உண்டு. மெஷின் உள்ளே நுழைந்து, திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டால் கதவைக் கழற்ற வேண்டியிருக்கும்.

மேலே அடுக்குவதென்றால் வாஷிங் மெஷின் கீழே, டிரையர் மேலே. மாற்றி வைக்கவே கூடாது. சுழலும்போது மெஷின் குதிக்காமல் இருக்க ஃப்ரண்ட் லோட் மெஷினுக்குள் எடைக்கல் வைத்திருப்பார்கள், காலி மெஷினே 60, 70 கிலோ இருக்கும். இரண்டையும் இணைக்க அந்த மாடலுக்குரிய ஸ்டேக்கிங் கிட் வாங்க வேண்டும். நடுவில் பலகை போட்டு வைப்பது ஆபத்து. டாப் லோட் மெஷின் என்றால் அடுக்க முடியாது, சுவரில் தாங்கி அடித்துத்தான் டிரையரை மாட்ட வேண்டும்.

அடுக்கினால் உயரம் 170 சென்டிமீட்டர், ஐந்தரை அடிக்கும் மேல். ஐந்தடி உயர அம்மாவுக்கு டிரையரின் பட்டன்கள் கண்ணுக்கு மேலே இருக்கும், டிரம்முக்குள் கடைசியாகக் கிடக்கும் சாக்ஸ் கைக்கு எட்டாது. ஈரத் தரையில் ஸ்டூல் போட்டு ஏறுவார். மொட்டை மாடிப் படி வேண்டாம் என்றுதானே இதையெல்லாம் ஆரம்பித்தோம்? வீட்டில் யார் துவைக்கிறாரோ அவரைக் கடைக்கு அழைத்துப்போய், அடுக்கி வைத்த மெஷின் முன்னால் நிற்க வைத்துப் பாருங்கள்.

தரை இன்னொரு விஷயம். பாத்ரூம் தரை நஹானி ட்ராப்பை நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் மெஷின் சுழலும்போது மெல்ல நடந்து வரும். செங்கல் வைத்து மேலே கடப்பாக்கல்லோ கிரானைட்டோ போட்டு, நாலு முதல் ஆறு அங்குல உயரத்தில் ஒரு சமமேடை கட்டிவிடுங்கள். கடற்காற்றும் பாத்ரூம் ஈரமும் சேர்ந்தால் இரும்பு ஸ்டாண்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். சீத்தம்மாள் காலனி போலத் தண்ணீர் தேங்கும் பகுதிகளில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் மேடையை இன்னும் உயர்த்தலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வீட்டுக்குள் வந்தபோது பலரது வீட்டில் முதலில் நனைந்தது தரையில் நின்ற மெஷின்கள்தான்.

தண்ணீர் வரும் வழி, போகும் வழி

மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே, கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் குழாயில்தான் அழுத்தம் மிகக் குறைவு. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கொடுப்பது ஒரு பார் அழுத்தம். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் கேட்கும், சில 1 பார் வரை கேட்கும். தொட்டிக்கும் குழாய்க்கும் மூன்று, நான்கு மீட்டர்தான் வித்தியாசம் என்றால், மெஷின் தண்ணீர் போதவில்லை என்று எரர் காட்டி நின்றுவிடும். வாங்கும் முன் அந்த மாடல் கேட்கும் அளவைப் பாருங்கள். தேவைப்பட்டால் சின்ன பிரஷர் பம்ப் போட வேண்டிவரும்.

போர் தண்ணீரின் உப்பு, ஹீட்டர் காயிலில் படியும். மெட்ரோ வாட்டரும் போரும் தனித்தனிக் குழாயாக வரும் கட்டடத்தில் மெஷினுக்கு மெட்ரோ வாட்டரைக் கொடுங்கள். இரண்டும் ஒரே சம்ப்பில் கலக்கும் கட்டடம் என்றால் மாதம் ஒருமுறை டீஸ்கேலிங் பவுடர் போட்டுக் காலி மெஷினை ஓட்டுவதுதான் வழி. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்ட நாட்களை மறக்காதவர்கள், தண்ணீர் குறைவாக எடுக்கும் ஃப்ரண்ட் லோடையே தேர்ந்தெடுப்பார்கள்.

போகும் வழியில்தான் வம்பு. மெஷின் பம்ப் தண்ணீரை வேகமாகத் தள்ளும். முடியும் நூலும் அடைத்த நஹானி ட்ராப் அதைத் தாங்காமல் நுரையோடு திருப்பி அனுப்பும். வெளியேறும் குழாய் தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்காவது மேலே ஏறி அப்புறம் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே எடுத்த தண்ணீர் தானாகவே வழிந்து போய்க்கொண்டிருக்கும்.

பிளம்பர் புது டிரெயின் லைன் போடத் தரையை உடைக்கலாம் என்பார். அவசரப்படாதீர்கள். டைல்ஸுக்கு அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் ஒருமுறை உடைந்தால் கீழ் வீட்டு பாத்ரூம் சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழும். ஃபிளாட் வாழ்க்கையில் இருபது வருட நட்பை முறிக்க அந்த ஒரு வட்டம் போதும். முடிந்தவரை சுவரை ஒட்டியே குழாயைக் கொண்டுபோய் இருக்கும் ட்ராப்பிலேயே விடுங்கள்.

அந்த 4 லிட்டர் எங்கே போகும்?

டிரையர் வாங்குபவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. 7 கிலோ துணி, 1,000 சுற்று வேகத்தில் பிழிந்த பிறகும் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரை வைத்திருக்கும். டிரையர் அதைச் சூடாக்கி ஆவியாக்குகிறது. அந்த ஆவி எங்காவது போக வேண்டுமே?

விலை குறைந்த வென்டட் டிரையர் ஆவியைப் பின்னால் ஊதிவிடும். 4 அங்குலக் குழாய் போட்டு ஜன்னலுக்கு வெளியே விட வேண்டும். நம் பாத்ரூம் ஜன்னல்களோ குறுகிய டக்ட்டுக்குள் திறக்கும், எதிர் வீட்டு ஜன்னலும் அதே டக்ட்டில்தான். குழாய் போடாமல் விட்டால் 4 லிட்டரும் பாத்ரூமுக்குள்ளேயே நிற்கும். சுவரில் கறுப்புப் பூஞ்சை, கதவு உப்பிப்போய் மூடாது, மெஷினின் சர்க்யூட் போர்டுக்கும் கெடுதல்.

கண்டென்சர் வகை ஆவியைத் தண்ணீராக்கி ஒரு பெட்டியில் சேர்க்கும், அல்லது குழாய் வழியாக ட்ராப்புக்கு அனுப்பும். அதிலேயே ஹீட் பம்ப் வகை சூட்டை மறுபடி பயன்படுத்துவதால் மின்சாரம் ஏறக்குறைய பாதிதான் ஆகும். விலை அதிகம். பாத்ரூமுக்குள் வைப்பதென்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஒரே மெஷினில் துவைத்து உலர்த்தும் வாஷர் டிரையர் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் 8 கிலோ துவைத்தால் 5 கிலோதான் உலர்த்தும், மொத்தம் ஐந்து மணி நேரம்கூட ஆகலாம். சில மாடல்கள் ஆவியைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரைச் செலவழிக்கும். சென்னையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

கரன்ட் பில்? சாதாரண டிரையர் ஒரு முழு லோடுக்கு 4 யூனிட் வரை எடுக்கும். வாரம் மூன்று லோடு என்றால் இரண்டு மாத பில்லில் 100 யூனிட் கூடும். ஹீட் பம்ப் என்றால் 50. 100 யூனிட்தானே என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பர் கட்டணத் திருத்தத்தில், மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு 101-லிருந்து 200 வரையிலான யூனிட் 2.25 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அதே யூனிட்டுகள் 4.50 ரூபாய். அதற்குப் பிறகு விலைகள் மாறின, உங்கள் பில்லில் இப்போதைய கணக்கைப் பாருங்கள். ஏசியும் கீசரும் சேர்ந்து ஏற்கெனவே 450-ல் நிற்கும் வீட்டுக்கு டிரையர் அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும்.

அதனால், டிரையர் உண்மையிலேயே வேண்டுமா என்றும் ஒருமுறை யோசிக்கலாம். வெயில் அடிக்கும் மாதங்களில் சென்னையில் பால்கனிக் கொடியே போதும். மழைக்காலத்துக்கு, இன்னொரு முறை ஸ்பின் போட்டுப் பிழிந்து, சீலிங்கிலிருந்து கயிற்றில் ஏற்றி இறக்கும் கம்பியில் தொங்கவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டினால் பாதி வீடுகளுக்கு வேலை நடந்துவிடும். மயிலாப்பூர்ப் பாட்டிகள் மடித்துணியை நீளக் கோலால் உயரக் கொடியில் ஏற்றிக் காயவைத்த அதே வித்தைதான்! பட்டுப் புடவையும் ஜரிகை வேட்டியும் எப்படியும் டிரையருக்குள் போகக் கூடாது. கைக்குழந்தை இருக்கும் வீடு, படுக்கையில் இருக்கும் பெரியவரின் விரிப்பைத் தினமும் மாற்றும் வீடு என்றால் பேச்சே வேறு. அங்கே டிரையர் ஆடம்பரம் இல்லை.

வாங்கிய பிறகு, ஒவ்வொரு லோடுக்கும் பஞ்சு ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிடித்த பெருந்தீ, ஒரு வீட்டின் டிரையரிலிருந்துதான் கிளம்பியது. டிரையரை ஓடவிட்டுவிட்டுத் தூங்கவோ வெளியே போகவோ வேண்டாம். குழந்தைகள் இருந்தால் மெஷினின் சைல்டு லாக்கை நம்பி இருக்காமல் பாத்ரூம் கதவுக்கும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். டெல்லி ரோகிணியில் 2017-ல் தண்ணீர் நிரம்பிய மெஷினுக்குள் விழுந்து இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்தன.

வாடகை வீடா, இடிக்கப்போகும் வீடா?

வாடகை வீடென்றால் சுவரில் துளை போடும் முன் ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வாட்ஸ்அப் மெசேஜ் இருந்தாலும் போதும். சொந்த வீடென்றால் இன்னொரு கணக்கு. 2022-ல் நிறைவேறி 2024-ல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். உங்கள் கட்டடத்தில் பில்டர்கள் வந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் பாத்ரூமைப் புதுப்பிக்கப் பெரிய செலவு வேண்டாம். எடுத்துக்கொண்டு போகக்கூடிய மெஷினிலும் ஆர்.சி.சி.பி-யிலும் மட்டும் பணத்தைப் போடுங்கள். புதுக் கட்டட வரைபடம் வரும்போது, மெஷினுக்கும் டிரையருக்கும் தனி இடம், தனி டிரெயின், வெளிச்சுவரில் 4 அங்குலத் துளை என்று முதல் கூட்டத்திலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

எல்லாம் பொருத்தியாகிவிட்டதா? மெஷினின் பின்னால் இருக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று பாருங்கள். கழற்றாமல் ஓட்டினால் மெஷின் ஹெலிகாப்டர் மாதிரி அதிரும். முதல் ஓட்டத்தைத் துணி இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். தண்ணீர் வெளியேறும் நேரத்தில் ட்ராப் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இன்னொருவர் கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர்கள் பாத்ரூம் சீலிங்கைப் பார்த்துவிட்டு வரட்டும்.